முரண்டுப் பாடம்

“நாய்க்கு எந்த பஸ்ஸுல ஏறணும்னு எப்படிம்மா தெரியும்?”

பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரியவர் ஒருமுறை அவளிடம் இப்படிக் கேட்டார். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“அதுக்குத் தெரியாதுங்க. பஸ்ஸெல்லாம் நான் பக்கத்துல இருக்கறவங்களக் கேட்டுக்குவேன். நானே போன்னு சொன்னாலும் எங்க போகக்கூடாதுன்னு அதுக்குத் தெரியும். அவ்வளவுதான்,” என்றாள் அவள்.

பெரியவர், “என் வீட்டுலயும் அப்படி ஒருத்தி இருந்தா. நான்தான் கேக்கல,” என்று சொல்லிவிட்டுத் தன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது. எந்த வார்டுக்கு எந்த எண் என்பது விரல் நுனியில் இருக்கும். ஆஸ்பத்திரியில் எல்லாரும் ஆபரேட்டர் என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் வீட்டில் அண்ணிகூட, “ஆபரேட்டர், காபி ஆறிப்போகுது” என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

அவளுக்கு வழிகாட்டிய நாயின் பெயர் கிழவி. குட்டியாக இருந்தபோதே படுக்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டதால் வந்த பெயர். ஒருநாள் ஆஸ்பத்திரி வாசல் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆபரேட்டருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. “போ” என்றாள். கிழவி நின்றது. அதட்டினாள். அவள் கால்களுக்குக் குறுக்கே வந்து மூட்டை போலப் படுத்துக்கொண்டது. காலால் நெட்டிப் பார்த்தாள். உருண்டதே தவிர எழுந்திருக்கவில்லை. அப்புறம்தான் தூரத்திலிருந்து யாரோ, “குழி! குழி!” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். அன்று முழுக்க ஆபரேட்டர் மேஜைக்கு அடியில் கால் விரலால் கிழவியின் முதுகைத் தடவிக்கொண்டே போன் எடுத்தாள்.

அந்தக் கிழவி நிஜமாகவே கிழவியாகி, ஒரு மத்தியானம் தூக்கத்திலேயே செத்துப்போயிற்று.

அதன் பிறகு அண்ணன்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டான். அவனுக்கும் வேலை இருக்கிறது. அவள் தாமதமாகப் போனாள், அல்லது அவன் தாமதமாகப் போனான். ஆஸ்பத்திரி கண்காணிப்பாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: “மாசக் கடைசி வரைக்கும் உங்க நாற்காலியக் காப்பாத்தி வைக்கிறேன். அதுக்குள்ள ஒரு வழி பண்ணிக்குங்க. அப்புறம் என் கையில இல்ல.”

“எதுக்கு இந்த அலைச்சல்?” என்றான் அண்ணன். “பேசாம வீட்டுல இரு. வேளாவேளைக்குச் சாப்பாடு, ரேடியோ, பக்கத்துல குழந்தைங்க. உன்னை நாங்க பாத்துக்க மாட்டமா?”

பாசமாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம்.

அதனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு, கிழவியைக் கொடுத்த இடத்துக்கே மறுபடியும் போனாள்.

அந்தக் காலத்தில் அது ஒரு தகரக் கொட்டகை. உள்ளே கொஞ்சம் நாய்கள், இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க நடக்கும் ஒரு பயிற்சிக்கார அக்கா, அவ்வளவுதான். இப்போது அதன் பெயர் வழித்துணை நாய்ப் பயிற்சி மற்றும் மேம்பாட்டு நிலையம். நாய்களின் எண்ணிக்கை கூடவில்லை. அக்காவும் அதே அக்காதான். ஆனால் அக்காவுக்கு மேலே அதிகாரிகளை மாடி மாடியாகக் கட்டியிருந்தார்கள்.

வாசலில் நுழைந்ததுமே ஆபரேட்டரின் நெற்றியில் ஓர் இரும்புப் பைப் இடித்தது.

“குனிஞ்சு வரணும்மா,” என்றது ஒரு குரல். அவர் துணை இயக்குநர். “வரவேற்பு வளைவு. பெயின்ட் கடை முதலாளி நன்கொடை. அவர் படத்தைப் பெரிசா போட்டதுல பைப் கொஞ்சம் இறங்கிடுச்சு. எல்லாரும் குனிஞ்சுதான் வர்றோம். பழகிடும்.”

“கொஞ்சம் தூக்கிக் கட்டக் கூடாதுங்களா?”

“தூக்குனா முதலாளியோட முகவாய் மடங்குதும்மா.”

வரவேற்புக் கூட்டத்தில் இயக்குநர் பேசினார். முன்னதாக வாசலில் கை கொடுத்தபோது அவர் குரல் ஆபரேட்டரின் தோளுக்குக் கீழிருந்து வந்திருந்தது. அவ்வளவு குள்ளமானவர். ஆனால் பேசும் தோரணையில் மொட்டை மாடியில் நிற்பது போல இருந்தது.

“பயனாளிகளே! பார்வை என்பது என்ன? பலரும் கண் என்று நினைக்கிறார்கள். தவறு. கீழ்ப்படிதல்தான் பார்வை. இந்த வாசகத்தைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் அனைவரும் தினமும் அதைப் படிக்க வேண்டும்.”

பயனாளிகள் அனைவரும் பார்வையற்றவர்கள். ஆகவே கைதட்டினார்கள்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சர்க்கரை நோயில் பார்வை போனவர். “எந்தச் சுவர்னு சொன்னா அந்தப் பக்கமாவது திரும்பி உக்காரலாம்,” என்று முணுமுணுத்தார்.

முதல் வாரம் நாய் தரவில்லை. முதலில் ஒரு மனிதர் நாயாக இருந்து, நாயின் மார்பில் கட்டும் வார்ப்பட்டையைப் பிடித்துக்கொண்டு முன்னே நடப்பார். பட்டையின் மேல் நிற்கும் கைப்பிடியைப் பயனாளி பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து பழக வேண்டும். கொட்டகைக் காலத்தில் அக்காதான் நாயாக இருந்தாள். “போ”, “நில்லு”, “உக்காரு” என்று அவளிடம் சொல்லிப் பழகியதை ஆபரேட்டர் இன்னும் மறக்கவில்லை. இப்போது அது முக்கியமான பொறுப்பாகிவிட்டதால், துணை இயக்குநரே நாயாக இருந்தார்.

“போ,” என்றாள் ஆபரேட்டர்.

துணை இயக்குநர் அசையவில்லை.

“போ.”

“யாரப் பாத்தும்மா போன்னு சொல்றீங்க?” என்றார் துணை இயக்குநர். “நாயா இருந்தாலும் நான் ஒரு கெசட்டட் அதிகாரி.”

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. இனி எல்லாக் கட்டளைகளும் மரியாதைப் பன்மையில் இருக்க வேண்டும். ‘போங்கள்.’ ‘நில்லுங்கள்.’ ‘தயவுசெய்து உட்காருங்கள்.’ பயனாளிகளுக்குக் குழப்பம் வரக் கூடாது என்பதற்காக, நிஜ நாய்களுக்கும் அதையே கற்றுக்கொடுக்க உத்தரவாயிற்று.

துணை இயக்குநர் நாயாக நடக்கும்போது போன் வந்தால் பேசுவார். பேச்சு சூடாகிவிட்டால் வேகமாக நடப்பார். தேநீர் அறைப் பக்கம் வந்ததும், என்ன கட்டளை சொன்னாலும் இடப்பக்கம் திரும்பிவிடுவார். கணக்கு வாத்தியார் அவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை தேநீர் அறைக்கும் ஒரு தடவை ஆண்கள் கழிப்பறைக்கும் போய் வந்தார்.

“இந்த நாய் வேண்டாங்க எனக்கு,” என்றார் வாத்தியார். “இதுக்கு என் பென்ஷன் பத்தாது.”

ஒருவழியாக நாய்கள் வந்தன. யாருக்கு எந்த நாய் என்பதை நடை வேகம், உயரம், குணம் எல்லாம் பார்த்துத்தான் அக்கா முன்பெல்லாம் முடிவு செய்வாள். இப்போது நன்கொடையாளர் வரிசைப்படி கொடுத்தார்கள். குதிரை போல ஓடும் நாய் வாத்தியாருக்குப் போயிற்று. ஆபரேட்டருக்கு அதிர்ஷ்டம். பெயின்ட் கடை முதலாளி பெயரிலிருந்த நாய் அவளுக்கு வந்தது. அதன் அதிகாரப்பூர்வமான பெயர் ‘வண்ண வள்ளல்’. நன்கொடையாளர் பெயரைத் தாங்கிய நாயை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, திட்டக் கூடாது, ஒன்றுக்குப் போயிற்று, இரண்டுக்குப் போயிற்று என்று சத்தமாகச் சொல்லக் கூடாது.

“வண்ண வள்ளல் அவர்களே, தயவுசெய்து உட்காருங்கள்,” என்றாள் ஆபரேட்டர்.

பெரிய தலை ஒன்று அவள் மடியில் விழுந்தது. ஈர மூக்கு உள்ளங்கையைத் தேடிப் பிடித்தது. நல்ல கனம். யாரும் கேட்காதபோது அவள் அதைத் தடியா என்று கூப்பிட்டாள். தடியன் அதற்கு வாலாட்டியது. வள்ளல் என்றால் கொட்டாவி விட்டது.

அக்கா அவர்களைத் தெருவுக்குக் கூட்டிப் போன முதல் நாள், நல்ல வெயில். தடியன் கைப்பிடியில் ஒரே சீராக இழுத்துக்கொண்டு போயிற்று. திடீரென்று நின்றது.

“போங்கள்,” என்றாள் ஆபரேட்டர்.

நின்றது.

“போங்கள்!”

கைப்பிடி கல்லில் நட்டது போல இருந்தது. தடியன் உடம்பைத் திருப்பி அவள் முழங்காலில் சாய்த்துக்கொண்டது.

“கால நீட்டிப் பாருங்க,” என்றாள் அக்கா. நீட்டினாள். செருப்பின் முன்பாதிக்குக் கீழே ஒன்றுமில்லை. மூடியில்லாத சாக்கடை. ஆபரேட்டர் அங்கேயே குந்தி உட்கார்ந்து தடியனின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கிழவி போன பிறகு முதல் தடவையாக அழுகை வந்தது.

“முரண்டுப் பாடம்னு சொல்வேன் நான் இத,” என்றாள் அக்கா. குரலில் பெருமையை மறைக்கத் தெரியவில்லை. “போன்னா போறதுக்கு எந்த நாயும் கத்துக்கும். போன்னு சொல்றப்ப போகாம நிக்கிறதுதான் கஷ்டம். இவனுக்கு அது நல்லா ஊறியிருக்கு.”

அந்த முரண்டு மறுநாளே இயக்குநர் கண்ணில் பட்டது.

முற்றத்துப் பாதையில் வரவேற்பு வளைவுக்குக் கீழே தடியன் நின்றுவிட்டது. மனிதரின் தலை இடிக்கும் உயரத்தில் ஏதாவது இருந்தால் நிற்பதும் அதன் பாடம். அவள் போகச் சொன்னாள், அது மறுத்தது. இயக்குநர் நடந்து வந்தார்.

“வள்ளல் அவர்கள் ஏன் நிற்கிறார்?”

“பைப் சார்,” என்றாள் அக்கா. “அவங்க தலையில இடிக்கும்.”

“எந்தப் பைப்?”

“இதோ, மேல.”

“நான் தினமும் இதன் வழியாகத்தான் போகிறேன். ஒருநாளும் என் தலையில் எதுவும் இடித்ததில்லை.” அவர் வளைவுக்குக் கீழே போய்விட்டுத் திரும்பி வந்து காட்டினார். “இல்லாத தடைக்கு ஒரு நாய் நிற்கிறது என்றால், அது நாயின் கோளாறு. அதுவும் நன்கொடையாளர் முகத்துக்கு நேரே! இதைப் பார்த்து மற்ற நாய்கள் என்ன நினைக்கும்?”

மற்ற நாய்கள் வெயிலுக்கு ஒதுங்கித் தூங்கிக்கொண்டிருந்தன.

அடுத்தது குழிச் சோதனை. முற்றத்தில் முன்பு ஒரு நிஜக் குழி இருந்தது. ஆய்வுக்கு வந்த மேலதிகாரி ஒருவர் அதில் விழுந்ததால் சிமென்ட் போட்டு மூடிவிட்டு, அதே இடத்தில் கறுப்புப் பெயின்டால் ஒரு குழி வரைந்திருந்தார்கள். மிகத் தத்ரூபமாக இருப்பதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். தடியன் அதை முகர்ந்து பார்த்துவிட்டு மேலேயே நடந்துபோயிற்று.

“குழியில் விழுந்துவிட்டார்,” என்று துணை இயக்குநர் குறித்துக்கொண்டார்.

வளைவில் நின்றதற்கு விளக்கம் கேட்டுத் தடியனுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. நாயின் தரப்பிலிருந்து பதில் எதுவும் வராததால் குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கருதப்பட்டது. இறுதித் தேர்விலும் இப்படியே நடந்தால், நாய் பெயின்ட் கடைக் கிடங்குக்குக் காவலுக்குப் போகும்; பயனாளி அடுத்த வருட வரிசையில் நிற்கலாம்.

மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் போனில், “கஷ்டமா இருந்தா வந்துடு. உனக்குன்னு அந்த ஜன்னலோர அறையத் தயார் பண்ணியாச்சு. அண்ணி புதுசா திரை போட்டிருக்கா,” என்றான். பார்வையில்லாதவளுக்கு ஜன்னலும் திரையும். சிரிக்கத் தோன்றியது, சிரிப்பு வரவில்லை.

அன்று நாய்க் கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் போய் நின்றாள்.

“அக்கா, வளைவுக்குக் கீழ நான் குனிஞ்சுக்கறேன். தடியன நிக்காம போக வச்சுட்டா பாஸ் போட்டுடுவாங்க. தலைதானே? குனிஞ்சா போச்சு.”

தண்ணீர்க் குழாய் நின்றது.

“நீங்க குனியறது அவனுக்குத் தெரியாதும்மா. நின்னா திட்டு, போனா பிஸ்கட்டுன்னு மட்டும்தான் தெரியும். அப்புறம் அவன் தரையப் பாக்க மாட்டான். உங்க கையப் பாப்பான்.”

“வீட்டுக்குப் போய் மறுபடியும் கத்துக் கொடுத்துடறேன்.”

“முரண்டு ஊற எத்தனையோ மாசம் ஆச்சு. நீங்க நெனச்சா ஒரு வாரத்துல பிடுங்கிடலாம். வேண்டாம்.”

“பிடுங்கலேன்னா எனக்கு நாயே இல்லயேக்கா.”

அக்கா குழாயை மறுபடியும் திறந்துவிட்டாள்.

அக்கா மற்றவர்களைத் தெருவுக்குக் கூட்டிப் போகும் நேரமாகப் பார்த்து ஆபரேட்டர் முற்றத்துக்குப் போனாள். வளைவுக்குக் கீழே தடியன் நின்றது. “போங்கள்,” என்றாள். அது முழங்காலில் சாய்ந்தது. கழுத்து வாரை வெடுக்கென்று இழுத்தாள். தடியன் மெல்லிதாக முனகியது. “போங்கள்!” குரலை எங்கிருந்து அப்படிக் கொண்டுவந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, ஆஸ்பத்திரியில் யாரிடமும் அந்தக் குரலில் பேசியதில்லை. கைப்பிடியில் ஒரு நடுக்கம் ஓடிற்று. பிறகு தடியன் ஓர் அடி எடுத்து வைத்தது. அவள் குனிந்துகொண்டாள். பிஸ்கட் கொடுத்தாள்.

முதல் நாள் நடுக்கம் வெகுநேரம் இருந்தது. அடுத்தடுத்த நாள்களில் குறைந்தது. அப்புறம் நடுக்கமே இல்லை. வரைந்த குழியில் நிற்பதற்கு அதைவிடச் சீக்கிரம் பழகிவிட்டது. வழுவழுவென்று பெயின்ட் காலில் பட்டதும் வாரைப் பின்னால் இழுத்தால் போதும். நிஜத்தில் நிற்கத் தெரிந்த நாய், இப்போது படத்தில் நின்றது.

“என்னம்மா, உங்க ஆளு ராணுவத்துல சேந்துட்டாரா?” என்றார் கணக்கு வாத்தியார், பக்கத்தில் நடந்தபடி. “முன்னெல்லாம் ஒவ்வொண்ணுக்கும் யோசிப்பாரு. இப்ப எள்ளுன்னா எண்ணெயா நிக்கிறாரு.”

ஆபரேட்டர் சிரித்தாள். அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

தேர்வில் தடியன் முதலிடம். வாத்தியாரின் நாய் வளைவில் நின்றதோடு நில்லாமல் பைப்பைப் பார்த்துக் குரைத்தும் விட்டது. வாத்தியார் பெட்டியைக் கட்டினார். கிளம்பும்போது ஆபரேட்டரின் கையைத் தேடிப் பிடித்து, “நீங்களாவது ஜெயிச்சீங்களே,” என்றார். அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

விழா அன்று முற்றத்தில் பலகை அடித்து மேடை போட்டிருந்தார்கள். முன்வரிசையில் பெயின்ட் கடை முதலாளி. அண்ணனும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தான். இயக்குநர் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கச் சொல்லி, இறக்கும் வரை காத்திருந்து, பிறகு பேசினார்.

“நான் இந்தத் துறைக்கு வந்த நாளிலிருந்து ‘போ’ என்றால் போயிருக்கிறேன், ‘நில்’ என்றால் நின்றிருக்கிறேன். ஏன் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. என் பாதையில் எத்தனையோ குழிகள் வந்தன. நான் விழுந்தேனா? இல்லை. ஒவ்வொரு முறையும் எனக்குக் கீழே இருப்பவர்களை முன்னால் அனுப்பினேன். இதுதான் தலைமைப் பண்பு! அந்தப் பண்பை இன்று ஒரு நாயிடம் காண்கிறோம்.”

கைதட்டல். ஆபரேட்டரை மேடைக்கு அழைத்தார்கள். பதக்கத்தைத் தடியன் கழுத்தில் மாட்டினார்கள். போட்டோக்காரர் அவளை இந்தப் பக்கம் திரும்பச் சொன்னார், அந்தப் பக்கம் திரும்பச் சொன்னார், முதலாளி பக்கம் பார்க்கச் சொன்னார். திரும்பித் திரும்பி, மேடையின் எந்த மூலையில் எந்தத் திசை பார்த்து நிற்கிறாள் என்பதே அவளுக்குத் தப்பிப்போயிற்று.

“நம் வள்ளல் எப்படிக் கட்டளையை நிறைவேற்றுகிறார் என்பதை முதலாளி அவர்கள் பார்க்க வேண்டும்,” என்றார் இயக்குநர். “எங்கே, போகச் சொல்லுங்கள்!”

ஆபரேட்டர் தயங்கினாள். “எந்தப் பக்கம் சார் படி?”

“நீங்கள் கட்டளை மட்டும் சொல்லுங்கள்.”

கூட்டம் காத்திருந்தது. அண்ணன் இருமுவது கேட்டது. எங்கோ பக்கவாட்டில் சாவிக்கொத்து குலுங்கிற்று, அக்கா நின்றுகொண்டிருக்கிறாள். விளிம்பு பக்கத்தில் இருந்தால் இவன் நிற்பான், நிற்காமல் இருப்பானா என்று ஆபரேட்டர் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

“போங்கள்,” என்றாள்.

தடியன் நின்றது.

கைப்பிடி ஒரு கணம் கல்லாயிற்று. அவள் உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் பரவியது. இருக்கிறது, இன்னும் இருக்கிறது, நான் பிடுங்கிவிடவில்லை.

“வலியுறுத்திச் சொல்லுங்கள்!” என்றார் இயக்குநர்.

அவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் அவள் கைதான் இறுகியது. இத்தனை நாள் பழக்கத்தில் வார் லேசாக, வெகு லேசாகத் துடித்தது.

தடியனுக்கு அது போதுமானதாக இருந்தது.

காலுக்குக் கீழே பலகை இல்லை. அவள் மண்ணில் விழுந்தாள். முழங்கால்கள் முதலில், பிறகு உள்ளங்கைகள், பிறகு முகம். தடியன் பக்கத்திலேயே தொப்பென்று விழுந்தது.

இயக்குநர்தான் முதலில் கைதட்டினார். “பார்த்தீர்களா! மேடை முடிந்த பிறகும் கட்டளை முடியவில்லை!”

முதலாளி எழுந்து நின்று தட்டினார். முதலாளி எழுந்ததால் எல்லாரும் எழுந்தார்கள். துணை இயக்குநர் மேடையிலிருந்து எட்டிப் பார்த்து, “அடி ஒண்ணும் பெரிசா இல்லயேம்மா? சிரிச்ச மாதிரி இருங்க, போட்டோ எடுக்கறாங்க,” என்றார். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு அண்ணன் ஓடி வரும் சத்தம் கேட்டது.

சாவிக்கொத்துதான் முதலில் வந்தது. அக்கா குனிந்து அவள் முழங்கால்களை அழுத்திப் பார்த்தாள். மணிக்கட்டுகளை மடக்கிப் பார்த்தாள். பிறகு தடியனின் கால்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். தடியனுக்கு ஒன்றுமில்லை. அது மிகுந்த உற்சாகத்தில் இருந்தது. பதக்கம் கணகணக்க, வாலால் ஆபரேட்டரின் தோளில் மாறி மாறி அடித்தது. ஈர மூக்கு அவள் உள்ளங்கைக்குள் நுழைந்து, தோலுரிந்த இடத்தில் பிஸ்கட்டைத் தேடியது.

“அக்கா,” என்றாள் ஆபரேட்டர். “திரும்ப ஊற வைக்கலாம் இல்லக்கா? எத்தனை மாசமானாலும் பரவால்ல. அக்கா?”

அக்கா கவிழ்ந்து கிடந்த கைப்பிடியை நிமிர்த்தி, அவள் கையை எடுத்து அதன் மேல் வைத்தாள். எழுந்தாள். கைதட்டலுக்கு நடுவே சாவிக்கொத்தின் ஒலி நாய்க் கூண்டுகள் இருக்கும் பக்கம் திரும்பவில்லை. வாசல் பக்கமாகப் போயிற்று. வளைவுக்குக் கீழே ஒரு தடவை தயங்கி, வெளியே தெருவில் இறங்கி, கேட்காமல் போயிற்று.